பின் அடுக்கில் இருந்தது

கேட்டில் சம்மட்டி விழுந்த சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. முதல் அடிக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாவது அடிக்கு வாட்ச்மேன், "யோவ், யாருய்யா நீங்க?" என்று கத்தினார். அடுத்த அடி கேட்டில் விழவில்லை. வாட்ச்மேனின் குரல் பாதியில் அறுந்ததிலிருந்தே அது எங்கே விழுந்தது என்று மாடியறையில் இருந்த இருவருக்கும் புரிந்துவிட்டது.

ஒருத்தி, தொழிற்சாலையில் எல்லோரும் கணக்கு மேடம் என்று கூப்பிடும் பெண். மற்றவன் அவளுடைய கொழுந்தன். ஒல்லி உடம்பு, எந்தப் பேனல் சந்துக்குள்ளும் நுழைந்து வேலையை முடித்துவிட்டு வெளியே வருவான் என்பதால் எலக்ட்ரீஷியன்கள் அவனுக்கு வைத்த பேர் குருவி. அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருக்கவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் கணவன் வருஷத்தில் பாதி நாள் கடலில் கிடந்தான். வீட்டில் அவளோடு சண்டை போடவும், சிரிக்கவும், மாமியார் வாயிலிருந்து அவளைக் காப்பாற்றவும் இருந்த ஒரே ஆள் குருவிதான். இந்த வேலையும் அவள் சொல்லி வாங்கிக் கொடுத்தது.

"அண்ணி, ஃபிட்டரோட அண்ணன் வந்திருக்காரு," என்றான் குருவி, ஜன்னலோரம் எட்டிப் பார்த்து. முகத்தில் ஈயாடவில்லை. "கூட அஞ்சாறு பேரு."

"கதவைத் தாழ்ப்பா போடு."

அவள் போலீசுக்கு போன் போட்டாள். வருகிறோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

நாலு நாளைக்கு முன்னால் அந்தத் தொழிற்சாலையில் ஒரு ஃபிட்டர் செத்துப்போயிருந்தான். அங்கே குளிர்சாதனப் பெட்டிகளுக்குக் குழாய்கள் செய்தார்கள். குழாய் முனைகளை நெருப்பே இல்லாமல் ஒட்டவைக்க ஒரு மெஷின் இருந்தது. இரண்டு அடுக்குக் கெப்பாசிட்டர்களில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, அத்தனையையும் ஒரே நொடியில் செம்புச் சுருளுக்குள் கொட்டினால், அந்த அதிர்ச்சியில் ஒரு குழாய் சுருங்கி இன்னொன்றோடு ஒன்றாகிவிடும். ஒவ்வொரு தடவையும் தரை அதிரும். அதனால் அதற்கு 'இடி' என்று பேர். அன்றைக்கு இடியில் மின்சாரம் ஏற்றியபிறகு குழாய் கோணலாக மாட்டியிருப்பதைப் பார்த்து ஃபிட்டர் வேலையை நிறுத்தினான். ஏறிய மின்சாரம் தானாக வடியட்டும் என்று விட்டான். பிறகு கதவைத் திறந்து உள்ளே கை வைத்தான். அடுத்த கணம் ஆள் பின்சுவரில் மோதிக் கிடந்தான். வலது கை முழங்கை வரை கரிக்கட்டை.

மேனேஜர் போலீசில் என்ன சொன்னாரென்றால், பையன் குடித்திருந்தான், பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று போர்டே மாட்டியிருக்கிறது, அவன் காத்திருக்கவில்லை. பேப்பரிலும் அப்படியே வந்தது. பாடையைத் தூக்குவதற்கு முன்பே ஊரெல்லாம் குடிகாரன் என்று பேசிவிட்டது.

அவனை வளர்த்த அண்ணன் பழைய கட்டடங்களை இடிக்கிறவன். பெரியவன் என்பார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தே எங்கே அடித்தால் விழும் என்று சொல்லக்கூடிய ஆள். சாவு வீட்டில் யாரோ அந்தப் பேப்பரை அவனிடம் வாசித்துக் காட்டினார்கள். அவன் எழுந்துபோய்ச் சம்மட்டியை எடுத்துக்கொண்டான்.

கீழே கண்ணாடி நொறுங்கியது. மேனேஜரின் அறை. நாற்காலி உருளும் சத்தம், பிறகு ஒரு மனிதன் தரையில் இழுபடும் சத்தம். "ஐயோ, சொல்றேன், சொல்றேன்!"

"அண்ணி, பின்பக்கமா இறங்கிடலாம், வாங்க," என்றான் குருவி.

அவள் எழவில்லை. அவள் கண் திரையில் இருந்தது.

அவள் வேலையே அதுதான். மின்சுற்றைத் திரையில் வரைந்து கொடுத்தால், அந்தச் சுற்றில் மின்னழுத்தம் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்பதற்கான வகைக்கெழுச் சமன்பாடுகளை அந்த மென்பொருள் தானே எழுதும். தீர்த்துக் கோடும் போட்டுக் காட்டும். அவள் அதை லேசில் நம்பமாட்டாள். அதே சமன்பாட்டைக் காகிதத்தில் கையாலும் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றானால்தான் விடுவாள். "மேடம் அந்தக் கம்ப்யூட்டருக்கு மாமியார்" என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். போர்டில் இருந்த பத்து நிமிஷமும் அவள் போட்ட கணக்குத்தான்.

மெஷினின் மீட்டர் ஒவ்வொரு நாளும் காட்டுவதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகும். இன்சூரன்ஸ்காரர்கள் வரும்வரை அதை யாரும் திறக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நாலு நாள் பொறுத்தவள் இன்று காலையில் திறந்துவிட்டாள். குருவி பின்னால் நின்று, "இப்ப எதுக்கு அண்ணி அதைப் போய் கிளறிக்கிட்டு," என்று இரண்டு தடவை சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் கண்ணில் பட்டது கதவின் நேரம். ஃபிட்டர் பத்து நிமிஷம் மட்டுமில்லை, அதற்கு மேலேயே காத்திருந்திருக்கிறான்.

அப்புறம்தான் மீட்டரின் கோட்டை, தன் சமன்பாட்டின் கோட்டுக்கு மேலே வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒட்டவே இல்லை.

அதற்குள் படிக்கட்டில் காலடி கேட்டது. தாழ்ப்பாள் ஒரே அடியில் கழன்று விழுந்தது.

பெரியவன் உள்ளே வந்தான். சிமெண்டுத் தூசி படிந்த சட்டை, மொட்டையடித்த தலை. அவனுடைய மச்சான் மேனேஜரைக் காலரில் பிடித்து இழுத்து வந்தான். மேனேஜரின் முன்பல் இரண்டு இல்லை. தாடை வழியாக ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் வாசலை அடைத்து நின்றார்கள்.

"கணக்கு போடறவ நீதானா?" என்றான் பெரியவன்.

"நான்தான்."

"பத்து நிமிஷம்னு போர்டு எழுதினது?"

"நான்தான்."

சம்மட்டி மேஜைமேல் இறங்கியது. மேஜை நடுவில் பிளந்து, காகிதமும் டெலிபோனும் சரிந்தன. குருவி அவளை மறைக்க ஓடிவந்தான். சம்மட்டியின் கைப்பிடி அவன் விலாவில் பாய்ந்தது. மடங்கி உட்கார்ந்தான்.

"என் தம்பி குடிக்கமாட்டான்," என்றான் பெரியவன். மூச்சு இரைத்தது. "பொறந்ததிலேருந்து நான் பார்க்கறேன். பீடி வாசனையே ஆகாது அவனுக்கு. இந்த நாயி குடிகாரன்னு எழுதிக் குடுத்திருக்கான். கேட்டா, நான் ஒண்ணும் சொல்லல, மேல ஒரு பொம்பள இருக்கா, அவ கம்ப்யூட்டர் சொன்னதுங்கறான். போடு. என் கண்ணு முன்னாடி போடு. தப்பு அவன் மேலயா, உங்க மேலயா?"

நல்லவேளையாகக் கம்ப்யூட்டர் பக்கத்து ஸ்டாண்டில் இருந்தது. அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"உங்க தம்பி காத்திருந்தாரு," என்றாள். "பத்து நிமிஷத்துக்கு மேலயே. இதோ, கதவு திறந்த நேரம் பதிவாயிருக்கு."

அந்த வார்த்தைக்குப் பெரியவனின் முகம் ஒருகணம் உடைந்தது. உடனே மேனேஜர் பக்கம் திரும்பி, கையை ஓங்காமலே முழங்காலால் அவர் வயிற்றில் இடித்தான். மேனேஜர் வாந்தியெடுத்தார்.

"அப்ப எப்படிச் செத்தான்?"

"அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க அடிச்சு நொறுக்கிட்டா பார்க்க முடியாது."

"பாரு."

அவள் திரையைக் காட்டினாள். "இது நான் போட்ட கணக்கு. மின்சாரம் இப்படித்தான் மெதுவா வடியணும். இது அன்னிக்கு மீட்டர் காட்டினது. பாதி நேரத்திலேயே பூஜ்யத்துக்கு வந்திருச்சு."

"சீக்கிரம் வடிஞ்சா நல்லதுதானே?" என்றான் மச்சான்.

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. தொட்டியில தண்ணி ரெண்டு மடங்கு வேகமா இறங்குதுன்னா, ஒண்ணு ஓட்டை பெரிசாகியிருக்கணும். இல்ல தொட்டி பாதியாகியிருக்கணும்."

ஓட்டை என்பது வடிகாலுக்குப் போட்ட ரெசிஸ்டர்; மெஷினுக்கு வெளியே இருந்த அதை, போலீஸ் சீல் வைப்பதற்கு முன்பே அவள் அளந்திருந்தாள். அது மாறவில்லை. அப்படியென்றால் தொட்டி. இடியில் கெப்பாசிட்டர்கள் முன் அடுக்கு, பின் அடுக்கு என்று இரண்டாக இருந்தன. இரண்டையும் கனத்த செம்புப் பட்டை ஒன்று இணைத்தது. மீட்டரும் வடிகாலும் முன் அடுக்கோடுதான் இணைந்திருந்தன. பட்டை இருக்கும்வரை இரண்டும் சேர்ந்தே வடியும், தனி வடிகால் தேவையில்லை என்று சமன்பாடு சொன்னது. அவளும் சரி என்று கையெழுத்துப் போட்டாள். பட்டை இருக்கும்வரை.

அவள் மென்பொருளில் பட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு டையோடை வைத்தாள். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் கதவு அது. முன்னாலிருந்து பின்னால் போகும். பின்னாலிருந்து திரும்பி வராது. மென்பொருள் புது சமன்பாட்டை எழுதியது. கோடு மீட்டரின் கோட்டுமேல் பிசகாமல் உட்கார்ந்தது. திரையில் இன்னொரு கோடும் வந்தது. பின் அடுக்கினுடையது. அது இறங்கவே இல்லை. மேலேயே கிடந்தது, நெடுக. இடி இடித்தால் இரண்டு அடுக்கும் சுருளுக்குள் கொட்டிக் காலியாகிவிடும்; நடுவில் நிறுத்தினால்தான் பின் அடுக்கு அப்படியே நிற்கும்.

டையோடு என்று அவளுக்கு ஏன் தோன்றியது? போன மாதம் முன் அடுக்குக் கெப்பாசிட்டர்கள் அடிக்கடி வெடித்தன. சுருளிலிருந்து மின்சாரம் திரும்பி எகிறி வந்து தாக்குவதால்தான் என்று வீட்டில் சாப்பிடும்போது அவள் சொன்னாள். "அப்ப ஒரு டையோடு போட்டா தடுத்துடலாமே அண்ணி?" என்று கேட்டான் குருவி. "போடலாம், ஆனா எல்லாத்தையும் திரும்பக் கணக்கு போடணும்" என்றாள். அதற்கப்புறம் கெப்பாசிட்டர்கள் வெடிக்கவில்லை.

அவள் திரும்பினாள். குருவி விலாவைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை போதுமாயிருந்தது.

"மீட்டர் பாதியைத்தான் பார்த்துச்சு," என்றாள் பெரியவனிடம். "மீதி பாதி உள்ளயே இருந்திருக்கு. உங்க தம்பி மேல தப்பில்ல. உள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி, மிச்ச மின்சாரத்தைத் தரையில எறக்கற எர்த் கோலால தொட்டிருந்தா பொழைச்சிருப்பாரு. ஆனா மீட்டர் பூஜ்யம் காட்டினா அந்தக் கோலை இங்க யாரும் எடுக்கறதில்ல."

புறங்கையால் ஒரு அறை விழுந்தது. உதடு கிழிந்தது. "கோலு கீலுன்னு அவன் தலையில கட்டப் பார்க்கறியா? யாரு அதை மாத்தினது?"

அவள் வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கினாள். "தெரியாது."

"தெரியாதா?"

"எனக்குத் தெரியாது."

பெரியவன் மேனேஜரின் கையைப் பிளந்த மேஜையின்மேல் விரித்து வைத்தான். சம்மட்டியை உயர்த்தினான். அது இறங்கும்வரைகூட மேனேஜர் தாங்கவில்லை.

"அவன்தான்! அந்தக் குருவிப்பய! அவன்தான் டையோடு போட்டான்!"

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க!" குருவி தரையிலிருந்து அலறினான். "அண்ணிகிட்ட சொல்லணும்னேன். சொன்னா கணக்கு போடறேன்னு ஒரு வாரம் மெஷினை நிறுத்திடுவா, சொல்லாதேன்னீங்க!"

சம்மட்டி இறங்கியது. மேனேஜர் இனி அந்தக் கையால் எதையும் எழுதப் போவதில்லை. அந்த ஓலத்துக்கு வாசலில் நின்றவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பெரியவன் திரையைப் பார்த்தான். கோடுகள். அவனுக்கு அவை ஒன்றுமே சொல்லவில்லை. "கோடு போட்டு, கோட்டை அழிச்சு, உங்களுக்குள்ள என்னமோ பேசிக்கறீங்க. எனக்குக் கண்ணால பார்க்கணும்." குருவியின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். "வா. என் தம்பி கை வச்ச இடத்துல நீயும் வை. ஒண்ணும் ஆகலைன்னா நீ பொழைச்ச. ஆச்சுன்னா அவ கணக்கு சரி."

படிக்கட்டு முழுக்கக் குருவியை இழுத்துப் போனார்கள். அவன் முதுகு ஒவ்வொரு படியிலும் இடித்தது. அவள் பின்னாலேயே ஓடினாள். மச்சான் அவள் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தான்; தோளில் ஏதோ சொடுக்கியது.

மெஷின் கூடத்தில் போலீஸ் கட்டிய கயிறும் அரக்கும் இருந்தன. பெரியவன் அதைச் சிலந்தி வலையை ஒதுக்குவதுபோல் அறுத்தான். பின்சுவரில் ஆள் மோதிய இடம் கறுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு மேனேஜரை ஸ்விட்சின் முன்னால் தள்ளினான்.

"ஏத்து."

"பாதிக்கு மேல ஏத்தாதீங்க!" என்று அவள் கத்தினாள். "சார், பாதியில நிறுத்துங்க!"

மேனேஜர் நல்ல கையால் குமிழைத் திருகினார். மெஷின் ரீங்காரமிட்டது. முள் ஏறியது. பாதியைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டு அப்படியே தரையில் சரிந்தார்.

"இனிமே வடியட்டும்," என்றான் பெரியவன். "அவன் காத்திருந்த மாதிரி நாமளும் காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். அது அடியைவிட மோசமாக இருந்தது. இரண்டு பேர் குருவியைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அழவில்லை. கன்னம் தரையில் அழுந்த, "அண்ணி, அண்ணி" என்று மட்டும் முனகினான். முள் மெல்ல இறங்கியது.

"எங்கம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு," என்றான் பெரியவன், யாருக்கு என்றில்லாமல். "இடிச்ச வீட்டுச் செங்கல்லை அடுக்கி வச்சு அதுமேல தூங்க வைப்பேன். என்னை மாதிரி தூசி தின்னக் கூடாது, நிழல்ல வேலை பார்க்கணும்னு ஃபிட்டர் படிக்க வச்சேன். நெழல்லதான் செத்தான்."

முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

"திற."

மெஷினின் கதவு திறந்தது. உள்ளே இரண்டு அடுக்குகள், சாம்பல் நிற டப்பாக்கள், பளபளக்கும் செம்பு முனைகள். பார்த்தால் பரம சாது. குருவியைத் தூக்கி நிறுத்தினார்கள். பெரியவன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

அவள் மச்சானின் கையைக் கடித்தாள். எலும்பு பல்லில் தட்டும்வரை கடித்தாள். அவன் பிடி நழுவியது. சுவரில் எர்த் கோல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முனையில் இருந்த தடித்த ஒயர் தரைக்குள் போனது. ஒரு தோள் தூக்க வரவில்லை. மறு கையால் அதை உருவினாள்.

"பெரியவரே, அவன் கையை விடுங்க! உங்களுக்குப் பார்க்கணும், அவ்வளவுதானே? பாருங்க!"

அவன் திரும்புவதற்குள் கோலின் முனையைப் பின் அடுக்கின் செம்பில் வைத்தாள்.

வெள்ளை வெளிச்சம். அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் நிழலே இல்லாத ஒரு கணம். சத்தத்தை அவள் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டாள். உருகிய செம்பு பொட்டுப் பொட்டாகத் தெறித்துக் கன்னத்திலும் கழுத்திலும் ஒட்டி எரிந்தது. பின்னால் விழுந்தாள். கையில் கோல் இருந்தது; அதன் முனை இல்லை.

மீட்டர் இன்னமும் பூஜ்யத்தில்தான் நின்றது.

புகைக்குள் எல்லோரும் வாயை அசைத்தார்கள். அவளுக்கு ஒரே இரைச்சல். பெரியவன் குருவியின் மணிக்கட்டை விட்டிருந்தான். மீட்டரைப் பார்த்தான், கோலைப் பார்த்தான், பின்சுவரைப் பார்த்தான். ஆடி ஆடிப் போய் அந்தக் கறுப்புக் கறையின்மேல் உள்ளங்கையை வைத்தான். அவன் தோள்கள் குலுங்கின. அழுகையோடு முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள்.

முடியவில்லை. திரும்பி வந்து சம்மட்டியை எடுத்தான். தரையில் கிடந்த மேனேஜர் தவழ்ந்து ஓடப் பார்த்தார். முதல் அடி முழங்காலில். இரண்டாவது அடி இன்னொரு முழங்காலில். அவன் அவசரப்படவில்லை. வேலை தெரிந்தவன் சுவரை இறக்குவதுபோலக் கீழேயிருந்து தொடங்கினான். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது போலீஸ் உள்ளே வந்து, துப்பாக்கிக் கட்டையால் அவன் பின்மண்டையில் போட்டது.

மேனேஜர் சாகவில்லை. சக்கர நாற்காலியில்தான் கோர்ட்டுக்கு வந்தார். வாட்ச்மேனுக்கு உடைந்த தோள்பட்டை எலும்பு ஒட்டவே இல்லை.

விசாரணையில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்தச் சமன்பாட்டைக் கம்ப்யூட்டரிலும் காகிதத்திலும் போட்டுக் காட்டச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், "கம்ப்யூட்டர் தப்பே சொல்லாதா அம்மா?" என்று நக்கலாகக் கேட்டார்.

"நாம என்ன வரைஞ்சு குடுக்கறோமோ அதுக்குத்தான் சார் அது பதில் சொல்லும். பட்டைன்னு வரைஞ்சா பட்டைக்குக் கணக்கு. உள்ள யாரு என்ன மாத்தினாங்கன்னு அதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியல. போய்த் திறந்து பார்த்திருக்கணும். நான் பார்க்கல."

"மாத்தினது யாரு?"

இந்தத் தடவை அவள் தெரியாது என்று சொல்லவில்லை. "மேனேஜர் சொல்லி, என் கொழுந்தன்."

கோர்ட்டு வராந்தாவில் மாமியார் காத்திருந்தாள். நேரே வந்து, செம்பு தெறித்துத் தழும்பாகியிருந்த கன்னத்திலேயே ஓங்கி அறைந்தாள். இன்னொரு தடவை ஓங்கினாள். அவள் தடுக்கவில்லை. கடலிலிருந்து கணவன் போன் செய்தான். நீ சொன்னது சரிதான் என்றான். அதற்கப்புறம் அவன் போன்கள் குறைந்தன.

மேனேஜருக்குத்தான் கூட வருஷம். குருவிக்குக் கொஞ்சம். அடிதடிக்காகப் பெரியவனுக்கும் கிடைத்தது. ஊரில் இருந்தது ஒரே ஜெயில். இருவரும் ஒரே கட்டடத்துக்குப் போனார்கள். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

முதல் தடவை பார்க்கப் போனபோது குருவியின் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரிக்கப் பார்த்தான்.

"அவரா?"

"அவருதான். வந்த அன்னிக்கே. குளிக்கற எடத்துல."

"வார்டன்கிட்ட சொன்னியா?"

"வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டேன்." தோளைக் குலுக்கினான். "அதுக்கப்புறம் தொடல அண்ணி. பேசறதும் இல்ல. போன வாரந்தான் தானா வந்து பக்கத்துல உட்கார்ந்தாரு."

"எதுக்கு?"

"அன்னிக்கு நான் கூடத்துல இருந்தேன்ல, அவன் போனப்ப. அதைக் கேட்டாரு. அவனுக்குத் தெரிஞ்சுதா, வலிச்சுதான்னு."

கூடத்தில் நாலைந்து குடும்பங்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. அன்றைய வெடிப்பில் அவளுக்கு இடது காது போய்விட்டது. வலது காதை வலையோடு ஒட்டினாள். "நீ என்ன சொன்ன?"

"தெரிஞ்சிருக்காது, கண்ணு மூடி முழிக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன். சரின்னுட்டு எழுந்து போயிட்டாரு."

"அப்படித்தானே நடந்துச்சு?"

குருவி தலையைக் குனிந்துகொண்டான். உதடு அசைந்தது. அவளுக்கு விளங்கவில்லை.

"என்ன? சத்தமாச் சொல்லு, கேக்கல."

அவன் நிமிர்ந்தான். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்தினான் அண்ணி. ரொம்ப நேரம் கத்தினான்."